அவர்கள் கதையை நாங்கள் அச்சிடாதது ஏன்?

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,

"மலைவாழ் மக்களின் படமும் சாட்சியும் இதழ்தோறும் வருகின்றன. அகதி முகாம் ஊழியத்தைப் பற்றி மட்டும் ஒரு படத்தையும் காணோமே?" என்று உங்களில் சிலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். காணிக்கை அனுப்பித் தாங்குகிறவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

கொல்லிமலைக்குக் கீழே, நாமக்கல் மாவட்டத்தின் சமவெளியில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை எங்கள் மருத்துவரும் செவிலியர் இருவரும் எடப்புளி நாட்டிலிருந்து இறங்கிப்போய் அங்குள்ளவர்களைப் பார்த்து வருகிறார்கள்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள்; சிலர் வேறு நாடுகளில் குடியேறினார்கள். 2021-ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். அதே ஆண்டில் அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 புதிய வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது.

வீடு வந்தால் வேதனை தீர்ந்துவிடுமா? எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் யாரும் "என் மனம் புண்பட்டிருக்கிறது" என்று சொல்வதில்லை. "தலையிடி", "நெஞ்சு படபடப்பு", "நித்திரை இல்லை" என்றே சொல்கிறார்கள். முதலில் நாங்கள் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினோம். அடுத்த மாதமும் அதே தலையிடியோடு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மனதின் துயரம் உடலின் நோவாகவே வெளிப்படுவதைத் தம் நூல்களில் விளக்கியிருக்கிறார். அவர் பயன்படுத்திய 'மனவடு' என்ற சொல் எங்கள் கண்களைத் திறந்தது.

மனவடு என்பது என்ன? ஆபத்து வரும்போது மூளை ஓர் அபாய மணியை அடிக்கிறது. இருதயம் வேகமாய்த் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. இது தேவன் நமக்குத் தந்த பாதுகாப்பு. ஆபத்து நீங்கியதும் மணி ஓய வேண்டும். கொடிய காரியங்களைக் கண்டவர் சிலருக்கு அது ஓய்வதில்லை. தீபாவளி வெடிச் சத்தமும் வானில் போகும் ஹெலிகாப்டரும் அவர்களைப் பழைய இடத்துக்கே இழுத்துச் செல்லும். தூக்கத்தில் அலறுவார்கள், காரணமின்றிப் பிள்ளைகளிடம் சீறுவார்கள். சிலர் மதுவுக்கு அடிமையாவார்கள். இது விசுவாசக் குறைவும் அல்ல, பைத்தியமும் அல்ல. போர் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. அப்படியானால் பெரும்பாலோர் தாங்கி நிற்கிறார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். ஆரம்ப நாட்களில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். எங்கள் ஸ்தோத்திரக் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி முகாமிலிருந்து ஒரு தாயாரை அழைத்தோம். நல்லெண்ணத்தோடுதான் அழைத்தோம். அவர்கள் மேடையில் நின்றார்கள். இரண்டு வாக்கியம் பேசினார்கள். பிறகு வாய் திறக்கவில்லை. சபையார் கண்ணீர் விட்டார்கள். அதற்குப் பின் பல இரவுகள் அந்தத் தாயார் உறங்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். எங்களுக்கு அது ஒரு கூட்டம். அவர்களுக்கோ கடந்துவந்த நாள் மீண்டும் வந்துவிட்டது.

நடந்ததை எல்லாம் சொல்லி அழுதுவிட்டால் பாரம் குறையும் என்று நாம் எண்ணுகிறோம். தானாக விரும்பி, நம்பிக்கையுள்ள ஒருவரிடம், தன் வேளையில் சொன்னால் குறையும். வற்புறுத்திச் சொல்ல வைத்தால் புண் மேலும் கிழியும். 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் பிற நிறுவனங்களும் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு மூன்று காரியங்களைக் கற்பிக்கிறது: தேவை என்னவென்று பார், சொன்னால் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாயிருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகே அவனை வருத்தினார்கள்.

ஆகவே எங்கள் வேலை மிகவும் சாதாரணமானது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். படபடப்பு வரும்போது மெதுவாக மூச்சு விடப் பழக்குகிறோம். தூக்க மாத்திரையை எளிதில் கொடுப்பதில்லை; அது பழக்கமாகிவிடும். கடும் மனச்சோர்வு உள்ளவர்களை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கிறோம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல வழி பிறக்கிறது. தமிழிலும் பேசக்கூடிய 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுக்கிறோம்.

மருந்தால் ஆற்ற முடியாத இரண்டு காயங்களும் உண்டு. ஒன்று, காணாமற்போனவர்கள். இலங்கையில் காணாமற்போனோரைத் தேடித் தரும்படி 16,000-க்கும் அதிகமான விண்ணப்பங்களைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பதிவு செய்துள்ளது. உடலைக் காணாத குடும்பம் என்ன செய்யும்? இந்து வீடானால் அந்தியேட்டி செய்ய வேண்டும். கிறிஸ்தவ வீடானால் அடக்க ஆராதனை நடத்த வேண்டும். செய்தால் மகனைத் தாங்களே சாகக் கொடுத்ததுபோல் ஆகும். செய்யாவிட்டால் துக்கம் முடிவதில்லை. இதில் நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. கூடவே உட்கார்ந்திருக்கிறோம்.

மற்றொன்று, நாளை என்ன என்று தெரியாத நிலை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முகாமிலேயே பிறந்து, பட்டம் பெற்றும், பெயிண்ட் அடிக்கும் கூலி வேலைக்குப் போகும் இளைஞர்கள் உண்டு. 'நான் எந்த ஊர்க்காரன்?' என்ற கேள்விக்கு எங்கள் மருந்தகத்தில் மருந்து இல்லை.

பிரியமானவர்களே, நீங்கள் செய்யக்கூடியது என்ன? ஒரே தடவை அனுப்பும் பெரிய தொகையைவிட, மாதந்தோறும் வரும் சிறு காணிக்கை இந்த ஊழியத்துக்கு அதிகம் உதவுகிறது. ஏனெனில் அதே செவிலியர், அதே நாளில், ஆண்டுக்கணக்கில் போய் வந்தால்தான் நம்பிக்கை பிறக்கிறது. முகாம்ப் பிள்ளை உங்கள் சபைக்கோ பள்ளிக்கோ வந்தால், "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்காதிருங்கள். பாடகர் குழுவில் ஓர் இடம் கொடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அந்தத் தாயார் இன்றும் மாதந்தோறும் எங்கள் மேசைக்கு வருகிறார்கள். மிச்சக் கதையை நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. "இப்ப நாலு மணித்தியாலம் நித்திரை வருது" என்று சென்ற முறை சொன்னார்கள். அதை உங்களிடம் தெரிவிக்க அவர்களிடமே அனுமதி பெற்றோம். இந்த இதழில் அச்சாகும் சாட்சி அவ்வளவுதான். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்,
எடப்புளி நாடு, கொல்லிமலை