முதலில் மண் கணக்கு, பிறகு வண்டி

கோடையில் கண்மாய் வற்றியதும் நம்ம பக்கம் ரெண்டு பேச்சு கிளம்பிவிடும். ஒன்று, "கரம்பை அடிக்கணும்." இன்னொன்று, "அதுக்குப் பழைய வண்டி ஒண்ணும், சின்னதா மண் தோண்டுற மிஷின் ஒண்ணும் சொந்தமா வாங்கிப் போட்டா என்ன?" மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எங்கே உழவர்கள் கூடினாலும் இந்தக் கேள்வி வருகிறது. பழைய டாடா 407 ஒன்றைப் பல வருசமாகப் பண்ணை வேலைக்கு ஓட்டுவதால் என்னிடமும் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: பழைய வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், தோண்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

எத்தனை லோடு மண்?

கண்மாய் வண்டலை உழவர்கள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள 2017இல் தமிழக அரசு விதியை எளிதாக்கியது. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரை எடுக்கலாம்.

75 கனமீட்டர் என்றால் எம்புட்டு? ஒரு ஏக்கரில் பரப்பினால் ரெண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது. ஆனால் எடை கனம். ஈரப்பதமுள்ள வண்டல் கனமீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் மொத்தம் 120 டன். 407இல் முறைப்படி ஏற்றக்கூடியது சுமார் இரண்டரை டன். அப்படியானால் ஒரு ஏக்கருக்கே 50 நடை! ஒரு யூனிட், அதாவது 100 கன அடி பிடிக்கும் டிராக்டர் டிப்பரில் 26, 27 நடையில் முடியும்.

ஆகவே கரம்பை அடிக்க டிராக்டர் டிப்பரை வாடகைக்குப் பிடிப்பதுதான் சரி. சிறு லாரி நமக்கு உதவுவது தொழு உரம், வைக்கோல், விதை நெல், சந்தைக்குப் போகும் காய்கறி போன்ற வேலைக்கு. இன்னொன்றும் பாருங்கள். களிமண் கலந்த கரம்பை செம்மண்ணுக்கும் மணல்சாரி நிலத்துக்கும்தான் பலம். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கக் கரிசலில் அதைக் கொட்டினால் களிமேல் களி சேரும், அவ்வளவுதான்.

எந்தப் பழைய வண்டி?

407 சந்தைக்கு வந்தது 1986இல். அதன் பழைய மாடல்களில் டீசல் பம்பு முழுக்க இயந்திர முறையில் வேலை செய்யும். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கிராமத்து மெக்கானிக்கே கழற்றிப் பூட்டலாம். பிறகு வந்த காமன் ரெயில் இன்ஜின்கள் டீசலை மிச்சப்படுத்தும், புகையும் குறைவு. ஆனால் அழுக்கு டீசலைத் தாங்காது. கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். பி.எஸ். 6 வண்டிகள் சிலவற்றில் யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் இருக்கும். அது மிகத் தூய்மையான கரைசல். உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் அந்த அமைப்பே கெட்டுவிடும். நம்ம வீட்டில் யூரியா மூட்டை இருக்காது என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

வாங்குவதற்கு முன்னாடி ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். எட்டு வருசம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். 15 வருசம் தாண்டினால் அந்தக் கட்டணம் பல மடங்கு கூடும், பசுமை வரியும் உண்டு. டெல்லி வட்டாரத்து 10 ஆண்டு டீசல் விதி நமக்குக் கிடையாது. ஆனாலும் இந்தச் செலவை விலையோடு சேர்த்துத்தான் பார்க்கணும்.

வண்டியைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். சூடேற்றி வைத்த வண்டி உண்மையைச் சொல்லாது. ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, அல்லது டீசல் சரியாக எரியவில்லை. பாரம் ஏற்றும்போது கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை, இல்லையென்றால் நாசில் கோளாறு. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

நாமே செய்யும் பராமரிப்பு

பழைய டீசல் இன்ஜினைக் கொல்வது வயசு இல்லை. தூசி, தண்ணீர், சூடு, அதிக பாரம் இந்த நாலும்தான்.

*தூசி:* கண்மாய்த் தூசி அரம் மாதிரி. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் தூசி உள்ளே போய் ரிங்கைத் தேய்த்துவிடும். பேப்பர் ஃபில்டரைத் தரையில் தட்டாதீர்கள். உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடியுங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஆயில் பாத் வகை என்றால் அடியில் தங்கும் சேற்றை வழித்துவிட்டு, கோடு வரை புது ஆயில் ஊற்றணும்.

*தண்ணீர்:* டீசலில் தண்ணீர் கலந்தால் பம்பும் நாசிலும் போச்சு. காலையில் வண்டி எடுக்கும் முன் வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து கொஞ்சம் வடியுங்கள். டேங்கைச் சாயங்காலமே நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே ஈரம் படிவது குறையும். டீசல் ஃபில்டர் மாற்றியதும் ஏர் லாக் ஆகும். ஏர் விடும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்கினால் போதும்.

*சூடு:* நம்ம பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா, அதே உப்புதான் ரேடியேட்டரையும் அடைக்கிறது. நான் வடிகட்டிப் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் கூலன்ட் கலந்துதான் ஊற்றுகிறேன். இன்ஜின் கொதித்துவிட்டால் உடனே மூடியைத் திறக்கவோ பச்சைத்தண்ணீர் ஊற்றவோ கூடாது. ஹெட் வெடித்துவிடும். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

*பாரம்:* "ஒரு நடை மிச்சம்" என்று நாலு டன் ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை, கிளட்ச், பிரேக் மூன்றும் அடிவாங்கும். முதல் ரெண்டும் பணச்செலவு. பிரேக் பிடிக்காமல் போனால் ஆள் செலவு.

ஆயில் மாற்றும்போது எடுக்கும் கழிவு ஆயிலைப் பற்றியும் சொல்லணும். கரையானுக்காக அதை வேலிக்காலில் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் உள்ள உலோகங்கள் மண்ணில் தங்கிவிடும். ரசாயனம் வேண்டாம் என்று சொல்லும் தோட்டத்துக்குள் அது வரலாமா? கேனில் பிடித்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வேலிக்குக் கல்லுக்கால் ஊன்றலாம், அல்லது மரக்காலின் அடியைத் தீயில் கருக்கி நடலாம்.

எந்தத் தோண்டும் இயந்திரம்?

ஒரு பண்ணைக்குட்டையை எடுத்துக்கொள்வோம். மேலே 20 மீட்டருக்கு 15, அடியில் 14க்கு 9, ஆழம் 2 மீட்டர். சரிவோடு கணக்கிட்டால் 414 கனமீட்டர். நிரம்பினால் நாலு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர்.

நாம் ஜேசிபி என்று சொல்லும் டயர் வண்டியின் பின் பக்கெட் கால் கனமீட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு ரெண்டு பக்கெட், இடையில் வண்டி நகரும் நேரம் என்று பார்த்தால் மணிக்கு 20, 22 கனமீட்டர். குட்டை 19, 20 மணி நேரத்தில் முடியும். மூன்று டன் செயின் வண்டியின் பக்கெட் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதே குட்டைக்கு 50 மணி நேரம் ஆகலாம்.

அப்படியானால் குட்டி வண்டி எதற்கு? தென்னை, மா வரிசைக்கு நடுவே புக, குழாய் பதிக்க, வாய்க்கால் எடுக்க. ரப்பர் செயினில் எடை பரவுவதால் நிலம் இறுகுவதும் குறைவு. ஏழரை டன் டயர் வண்டி ஈர நிலத்தில் நாலு தடவை போய் வந்தால், கலப்பை எட்டாத ஆழம் வரை மண் இறுகிவிடும். மரக்கன்றுக் குழிக்கு இது ரெண்டுமே வேண்டாம், டிராக்டரில் மாட்டும் குழிதோண்டி போதும். மேலூர்ப் பக்கம் மாதிரி அடியில் பாறை வரும் இடத்தில், பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டிய பெரிய வண்டியே வேண்டும்.

சொந்தமா, வாடகையா?

ஒரு பழைய குட்டி வண்டி 10 லட்சம் என்று வையுங்கள். வருசத்துக்கு வட்டி 1.2 லட்சம், விலை இறக்கம் ஒரு லட்சம், இன்சூரன்சும் ரிப்பேரும் 60 ஆயிரம். மொத்தம் 2.8 லட்சம். வாடகை மணிக்கு 1,200 ரூபாய், சொந்த வண்டிக்கு டீசலும் ஆள் கூலியும் 500 என்றால், மணிக்கு மிச்சம் 700. முதல் தேற வருசத்துக்கு 400 மணி நேரம் ஓடணும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். ஒரு சம்சாரிக்கு அவ்வளவு வேலை இருக்காது. இருபது பேர் சேர்ந்த குழு என்றால் ஆளுக்கு 20 மணி நேரம், அப்போது யோசிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகைக்கு இயந்திரம் தருகிறது. உழவன் செயலியில் பதியலாம்.

குழுவாகப் பழைய இயந்திரம் வாங்குவதானால், கையை உயர்த்தி நிறுத்தி இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். தானாக இறங்கினால் ஹைட்ராலிக் கசிகிறது. பக்கெட்டைப் பிடித்து ஆட்டினால் பின், புஷ் தேய்மானம் தெரியும்.

வண்டி தோட்டத்துக்கு வந்ததும் டிரைவரிடம் ரெண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். "மேல் மண்ணு ஒரு அடியைத் தனியா ஒதுக்கிக் குவிங்கண்ணே. அடிமண்ணோட கலந்துடாதீங்க." அந்த ஒரு அடியில்தான் நம்ம மண்புழுவும் நுண்ணுயிரும் இருக்கின்றன. கண்மாய்க்குள் என்றால், "வண்டல் முடிஞ்சதும் நிறுத்திருங்க, கரைப்பக்கமும் மடைப்பக்கமும் போக வேணாம்." அடிக்களியைக் கிழித்தால் தண்ணீர் நிற்காது. நம் வயலுக்கு நாலு லோடு கூடக் கிடைத்திருக்கும், ஊருக்குக் கண்மாய் ஒழுகும்.