மார்பகத்தை அகற்றும் ஆபரேஷன்: முன்பும் பின்பும் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பூந்தமல்லியில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்துவிட்டால், முதல் வாரம் முழுக்க ஒரே கேள்விதான்: எங்கே போறது? போரூர் ராமச்சந்திராவா, தண்டலம் சவீதாவா, சென்னைக்குள் போய் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையா, ராயப்பேட்டையா, அடையாறு புற்றுநோய் நிலையமா? இல்லை, பெங்களூரு ஹைவேயில் நேராகப் போய் காஞ்சிபுரம் காரைப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனையா? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இடம் முடிவாகி, தேதியும் குறித்த பிறகு அடுத்த கேள்வி வரும்: வீட்டுல நாம என்ன செய்யணும்? அதற்குப் பதில் சொல்ல ஆள் குறைவு.

உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். ஆபரேஷன் சில மணி நேர வேலை. அதை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். முந்தைய ஒரு வாரமும் பிந்தைய ஆறு வாரமும் பெரும்பாலும் வீட்டாரின் பொறுப்பு. அந்த நாட்களில் எல்லோரும் தழும்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே அளவு கவனம் அந்தப் பக்கத்துக் கைக்கும் தேவை.

முழுசா எடுத்தே ஆகணுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-ல் விவரித்த முறைப்படி, மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுப்பதே பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. அதைக் கேள்வி கேட்டவர் பெர்னார்ட் ஃபிஷர். அவர் தலைமையில் 1976-ல் தொடங்கிய ஆய்வின் 20 ஆண்டு முடிவு 2002-ல் வெளியானது. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிரியக்கம் கொடுத்தவர்களும், மார்பகத்தை முழுசாக எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் பிழைத்திருந்தனர்.

ஆனால் கட்டி பெரிதாக இருந்தால், மார்பகத்தில் பல இடங்களில் பரவியிருந்தால், கதிரியக்கம் கொடுக்க முடியாத நிலை இருந்தால், பரம்பரை மரபணு மாற்றம் இருந்தால் முழுசாக எடுக்கும் ‘மாஸ்டெக்டமி’யை டாக்டர்கள் பரிந்துரைக்கலாம். சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு ஆபரேஷன் நடக்கும். டாக்டரிடம் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போவது நல்லது: கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் எத்தனை எடுப்பீங்க? மார்பகத்தை மறுபடி உருவாக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி செய்ய முடியுமா, எப்போது?

இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர் அம்மாதான். “அவங்களுக்குத் தெரிய வேணாம், சின்னக் கட்டின்னு சொல்லிக்கலாம்” என்று பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். மயக்கம் தெளிந்து மார்பைத் தொட்டுப் பார்த்துத்தான் அவர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? உடல் அவருடையது. ஒப்புதல் படிவத்தில் போடும் கையெழுத்தும் அவருடையதாக, தெரிந்து போட்டதாக இருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முடிந்ததும் மயக்க மருந்து டாக்டர் பார்ப்பார். அன்றாடம் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் ஒரு பையில் போட்டு அவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். சுகர் இருந்தால் இந்த வாரமே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், தொற்றும் வரலாம்.

அக்குள் முடியை வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். சின்னக் கீறல்கூடக் கிருமி நுழைய வழியாகும். நெயில் பாலிஷ், மருதாணி வேண்டாம். ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள். மின்சாரக் கருவியால் ரத்தக் கசிவை நிறுத்துவதால், உலோக நகை உடம்பில் இருந்தால் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. தாலி, மெட்டி, மூக்குத்தி பற்றி முதல் நாளே பேசி வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டால், தியேட்டர் வாசலில் ஒரு கண்ணீர் மிச்சம்.

திரும்பி வரும்போது கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது. முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் வைத்த நைட்டி இரண்டு, முன்ஹூக் வைத்த லூஸான பிளவுஸ் இரண்டு தைத்து வைக்கலாம். சமையலறையில் மேல் தட்டில் இருக்கும் பருப்பு, உப்பு டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைப்பதும் இந்த வாரத்து வேலை.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று தேவை. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தில் வருவதால், கார்டு இல்லாதவர்கள் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, திருமழிசை கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும். நோய் வந்தவரே தொழிலாளி என்றால், நீண்டகால நோய்ப் பட்டியலில் புற்றுநோயும் இருப்பதால், பணிக்கால நிபந்தனைகளுக்கு உட்பட்டு சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டு ஆண்டு வரை பெறலாம். ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் தங்கள் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் பெற்றோர் பெயர் இருக்கிறதா, ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா என்று தேதி குறிக்கும் முன்பே ஹெச்.ஆரிடம் கேட்டுவிட வேண்டும்.

டிரெயின் டியூபோடு வீடு திரும்புதல்

ஆபரேஷன் செய்த இடத்தில் ஊறும் நீரை வெளியேற்ற ஒன்றிரண்டு மெல்லிய குழாய்களையும், அவற்றின் முனையில் ஒரு குப்பியையும் வைத்து அனுப்புவார்கள். தினமும் ஒரே நேரத்தில், கை கழுவிய பிறகு, எத்தனை மில்லி சேர்ந்திருக்கிறது என்று நோட்டில் குறித்துக் கொட்ட வேண்டும். நர்ஸ் காட்டிய மாதிரி குப்பியை அமுக்கிக் காற்றை எடுத்து மூட வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பு இதை நர்ஸ் முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. முதலில் சிவப்பாக வரும் நீர் போகப்போக மஞ்சளாக வெளுக்கும். பொதுவாக, ஒரு நாள் அளவு 30 மில்லிக்குக் கீழே இறங்கி இரண்டு நாள் அப்படியே இருந்தால் குழாயை எடுப்பார்கள். பலருக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். குழாய் இழுபடாமல் இருக்க, குப்பியை ஒரு சின்னத் துணிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

குழாயை எடுத்த பிறகு அதே இடத்தில் நீர் கோத்து வீங்கினால் பயப்பட வேண்டாம். இது அடிக்கடி நடப்பதுதான். வீட்டில் அமுக்காமல் டாக்டரிடம் காட்டினால், தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்.

கையை அசைக்கலாமா?

“கையை ஆட்டாத, தையல் பிரிஞ்சிடும்” என்று பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனால் மாதக்கணக்கில் கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பிறகு கதிரியக்கம் தேவைப்பட்டால் அங்கேயே சிக்கல். அந்தச் சிகிச்சைக்குப் பொதுவாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். கை மேலே போகாவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும்.

அதனால் டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, மறுநாளே விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது என்று தொடங்கலாம். சில நாளில் அந்தக் கையாலேயே தலை வாரலாம். குழாய் இருக்கும்வரை தோள் உயரத்தைத் தாண்டித் தூக்க வேண்டாம். குழாய் எடுத்த பிறகு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறிப் போகும் பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டால், வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் தெரியும். வலி மாத்திரை போட்ட அரை மணி நேரம் கழித்துச் செய்தால் சுலபம்.

தூக்கக் கூடாதவையும் உண்டு. தண்ணீர்க் குடம், 20 லிட்டர் கேன், கிரைண்டர் கல், காஸ் சிலிண்டர் – ஆறு வாரத்துக்கு இவை மற்றவர்கள் வேலை. டூ வீலர் ஓட்டுவதும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் கை வீங்கலாம். நேற்று வரை லூஸாக இருந்த வளையல் இன்று இறுக்கினால் அதுவே முதல் அறிகுறி. அப்போதே காட்டினால் கட்டுப்படுத்துவது எளிது. மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும் சகஜம். சூடு உறைக்காது என்பதால் அடுப்படியில் கவனம் வேண்டும். ஊசி, பி.பி. பார்ப்பதற்கு முடிந்தவரை மறு கையைக் கொடுக்கலாம்.

முட்டை கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். முட்டை, மீன், தயிர் சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. புண் ஆறப் புரதம் தேவை. முட்டை, மீன், கோழி, பால், பருப்பு, சுண்டல் என வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதே போதும். ரசம் சாதமும் கஞ்சியும் மட்டும் கொடுத்து உடம்பை இளைக்க விட்டால், அடுத்து வரும் கீமோவைத் தாங்குவது கஷ்டம்.

எப்போது உடனே போக வேண்டும்?

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் ஓரம் சிவந்து சூடாவது, நாற்றமுள்ள நீர், குப்பி திடீரென ரத்தத்தால் நிரம்புவது, கை வீக்கம் – இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். மூச்சுத் திணறினால் 108.

கண்ணாடி முன் முதல் நாள்

கட்டு பிரித்த பிறகு தழும்பைப் பார்க்கச் சிலர் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள், சிலர் ஒரு மாதம். அவசரப்படுத்த வேண்டாம். முதலில் உள்ளே வைக்க மென்மையான பஞ்சுப் பொதி போதும். புண் நன்றாக ஆறிய பிறகு, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில், சிலிக்கான் செயற்கை மார்பகம் பொருத்தலாம். அதன் எடை தோள் ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளும். வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்றால் அதுவும் அவர் முடிவு. தூக்கம் வராமல், யாரிடமும் பேசாமல் வாரக்கணக்கில் இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு ஓரிரு வாரத்தில் வரும். கீமோவா, கதிரியக்கமா, ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் மாத்திரையா என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். கீமோ தேவைப்பட்டால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் தொடங்கும். அந்தத் தேதிக்குள் புண் ஆறி, கை மேலே போக வேண்டும். மகள்களும் சகோதரிகளும் தங்களுக்குப் பரிசோதனை, மரபணு டெஸ்ட் தேவையா என்று அதே நாளில் கேட்டுவிடலாம்.

ஆறு வாரமும் ஒருவரே லீவு போட முடியாது. டிரெயின் நோட்டு ஒருவருக்கு, சமையலும் தண்ணீர் கேனும் ஒருவருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது ஒருவருக்கு என்று வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஆபரேஷனுக்கு முன்பே பிரித்துக்கொண்டால், அம்மா எழுந்து போய் அந்தக் கேனைத் தூக்க வேண்டியிருக்காது.