பெருந்தொற்றுக் காலத்துப் பல்கலைக்கழக அறிவிப்புகளும் தொழில் முதனிலைகளும்

தமிழ் உரைநடையின் பழமையை ஆராய்வார் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் சான்றாகக் கொள்வர். அவை இலக்கியமாக எழுதப்பட்டன அல்ல. நிலக்கொடையும் வரிநீக்கமும் ஊரார் அறியப் பொறிக்கப்பட்டவை. எனினும் நம் காலத்து அறிவிப்புகளை ஆய்வுக்குரியனவாக நாம் மதிப்பதில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழகத்துப் பல்கலைக்கழகங்களும் அரசும் மாணாக்கர்க்கு விடுத்த அறிவிப்புகள் அம்மதிப்பிற்குரியன என்பது எம் கருத்து. விடுதியில் தங்குவதா, ஊர் திரும்புவதா, தேர்வு எழுதுவதா என்பனவற்றை அந்நாளில் ஒரு சொல்லோ ஒரு வினைமுற்றோ முடிவு செய்தது.

முதற்கண் சொற்களைச் சிறிது நோக்குவோம். கலகக் காலத்துக் காவல்துறை ஆணையைக் குறித்து வழங்கிய 'ஊரடங்கு', 2020 மார்ச்சுத் திங்களில் நோய்த்தடுப்பிற்கு உரியதாயிற்று. அம்மாதம் 22 ஆம் நாள் மக்கள் ஊரடங்கு. 24 ஆம் நாள் மாலை முதல் தமிழகத்தில் ஊரடங்கு. 'அடங்கு' என்பது தன்வினை. ஊர் தானே அடங்கியது போல அச்சொல் காட்டுகிறது. அடக்கியவர் அதில் இல்லை. உடன் வழங்கிய 'பொது முடக்கம்' என்பதோ முடங்குதலுக்கும் முடக்குதலுக்கும் ஒப்ப நிற்பது.

'சமூக விலகல்' என்பது இதனினும் கருதத்தக்கது. உலக நலவாழ்வு நிறுவனமே அம்மாதத்தில், விலக வேண்டுவது உடலளவில்தான், சமூக உறவில் அன்று என விளக்கிற்று. தமிழில் இவ்விளக்கம் இன்னும் இன்றியமையாதது. 'சமூகம்' என்னும் சொல் நம் நாட்டு வழக்கில் சாதியையும் சுட்டும். விலகலோ, ஊர்விலக்கையும் தீண்டாமையையும் நினைவூட்டும். பின்னர் 'சமூக இடைவெளி' என்றும், 'தனிநபர் இடைவெளி' என்றும் அது மாறி வந்தமை மொழியுணர்வு முற்றும் மழுங்கவில்லை என்பதற்குச் சான்றாகும். முகக்கவசம் என்பதில் ககரம் இரட்டியாது அச்சிட்டோர் பலர். அதனை ஈண்டு விரிக்க வேண்டா.

இனித் தொடரமைப்பிற்கு வருவோம். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழில் முதனிலைகளாக எட்டினை எண்ணுகிறார். அவை வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன. வழக்கினுள் இவற்றுள் குறைவன குறையும் என அடுத்த நூற்பா இடமும் தருகிறது. ஆகவே ஓர் அறிவிப்பில் எட்டும் வேண்டும் என யாம் கூறவில்லை. குறைந்தது எது, அக்குறையால் துன்புற்றவர் யாவர் என்பதே வினா.

அக்கால அறிவிப்புகளில் முதலிற் குறைந்தது செய்வது, அஃதாவது வினைமுதல். 'அறிவுறுத்தப்படுகிறது', 'ஒத்திவைக்கப்படுகிறது' என்னும் செயப்பாட்டுவினைகளே எங்கும் நின்றன. ஒத்திவைத்தவர் துறைத்தலைவரா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரா, அரசா? இஃது அறியாதவன் எவரிடம் முறையிடுவான்? அடுத்துக் குறைந்தது காலம். கல்வி நிலையங்கள் 2020 மார்ச்சு 17 முதல் மாத இறுதிவரை மூடப்படும் என்ற முதல் அறிவிப்பில் நாள் இருந்தது. பின் வந்தவற்றுள் பலவற்றில் 'மறு அறிவிப்பு வரும் வரை' என்னும் வாய்பாடே நாளின் இடத்தைக் கொண்டது. இலக்கணப்படி அது காலம் காட்டும் தொடர்தான். பொருட்படி காலமின்மையையே காட்டுகிறது. நூல்களையும் உடைமைகளையும் விடுதி அறையில் விட்டுச் சென்ற மாணாக்கர்க்கு இவ்வேறுபாடு நூற்பா நுட்பம் அன்று.

தேர்வு பற்றிய அறிவிப்புகளில் இடர் முற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2020 சூலை 6 இல், இறுதிப் பருவத் தேர்வுகளைச் செப்டம்பர் இறுதிக்குள் நேர்முகமாகவோ இணையவழியாகவோ இரண்டும் கலந்தோ நடத்துமாறு நெறிகாட்டியது. ஆகத்து 26 இல் தமிழக அரசு, இறுதிப் பருவம் நீங்கலான பிற பருவங்களின் நிலுவைப் பாடங்களுக்குக் கட்டணம் செலுத்தியவர்க்குத் தேர்விலிருந்து விலக்களித்தது. ஈராண்டு நிலுவை வைத்தவர் மகிழ்ந்தனர். கட்டணம் செலுத்த இயலாது வீட்டில் முடங்கியவர் திகைத்தனர். 'செலுத்திய' என்னும் ஒரு பெயரெச்சம் அவர்களைப் பிரித்தது. இவ்விலக்கு உயர் நீதிமன்றம் வரை வழக்காயிற்று. ஆகத்து 28 இல் உச்ச நீதிமன்றம், இறுதித் தேர்வின்றிப் பட்டம் வழங்கலாகாது எனத் தீர்த்தது. இரண்டு நாள் இடைவெளியில் 'விலக்கு' எனவும் 'கட்டாயம்' எனவும் கேட்ட மாணாக்கர் பலர் 'இறுதிப் பருவம்' என்னும் அடையை நழுவவிட்டனர். பிழை அவர்களது அன்று. கைப்பேசி வழிப் பரவிய சுருக்கங்களில் அவ்வடையே முதலில் உதிர்ந்தது.

தேர்வு இணையவழி நடந்த இடங்களில் வெளியான குறிப்புகள் நேர்மாறானவை. எத்தாளில் எழுதுவது, எத்துணை நேரத்தில் முடிப்பது, எவ்வாறு படமாக்கி அனுப்புவது என அவை கருவியையும் காலத்தையும் விரித்தன. ஏவல் வினைகள் தெளிவாக நின்றன. நிலம் மட்டும் 'வீட்டிலிருந்தே' எனச் சுருங்கிற்று. அலைவரிசை எட்டாத மலையூரும், ஒரே கைப்பேசியை மூவர் பகிர்ந்த ஓரறைக் குடிலும் அச்சொல்லுள் அடங்கின.

இவ்வறிவிப்புகளுள் பல தாளில் அச்சேறியவை அல்ல. கைப்பேசிகளில் இருந்து நாளும் அழிந்து வருகின்றன. முதுகலை மாணாக்கர் தத்தம் கல்லூரியளவில் அவற்றை நாள்வரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றிலும் எட்டனுள் எவை நின்றன, எவை குன்றின எனக் குறித்தால் ஆய்வேட்டிற்குரிய தரவு கிடைக்கும். ஒரே செய்தியின் ஆங்கில வடிவில் வினைமுதல் நின்று, தமிழ் வடிவில் மறைந்த இடங்கள் உளவா என்பதனை முதலிற் காணவேண்டும்.