காதல் பறவையின் கோபம்!

பெயர் காதல் பறவை. ஆனால் கடித்தால் ரத்தம் வரும்!

நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று கூண்டு கூண்டாக விற்கிறார்கள். நீண்ட வால், முதுகில் கோடு கோடாக வரிகள், பச்சை, நீலம், மஞ்சள் என்று பல நிறங்கள். அவை பெரும்பாலும் உண்மையான காதல் பறவைகள் அல்ல! அவற்றின் பெயர் பட்ஜரிகர். சொந்த நாடு ஆஸ்திரேலியா. நல்ல பறவைதான். பெயர் மட்டும் இரவல்.

அசல் காதல் பறவையும் கிளி இனம்தான். அதில் 9 வகை உண்டு. 8 வகைகள் ஆப்பிரிக்காக் கண்டத்தில் வாழ்கின்றன. ஒன்று மட்டும் மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. குட்டை வால், தடித்து வளைந்த அலகு, உருண்டை உடம்பு. ஒரு சாண் நீளம் கூட இல்லை. எடை சுமார் 50 கிராம். வீடுகளில் அதிகம் வளர்ப்பது ரோஜா நிற முகம் கொண்ட வகையை. இதன் தாயகம் நமீபியா போன்ற வறண்ட பகுதிகள். அங்கே இவை கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன.

ஒட்டிக்கொண்டே...

ஒரு ஜோடியைக் கவனித்துப் பாருங்கள். கூண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் உட்காரும். தன் தலையைத் தன் அலகால் கோதிக்கொள்ள எந்தப் பறவையாலும் முடியாது அல்லவா? அதை ஜோடிப் பறவை செய்கிறது. கண்ணைச் சுற்றி, கன்னத்தில், பிடரியில் மெதுவாகக் கோதிவிடும்.

ஆண் பறவை தான் தின்றதை மறுபடி தொண்டைக்குக் கொண்டுவந்து, பெண்ணின் வாயில் ஊட்டும். பெண் முட்டையிட்டு 23 நாள் போல அடைகாக்கும். அந்த நாட்களில் அதற்குச் சாப்பாடு போடுவது ஆண்தான். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இந்தப் பறவைக்கு "பிரியாதவை" என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அதுவே பொருத்தமான பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றவர் பகைவர்

அன்பெல்லாம் அந்த ஒரு ஜோடியிடம்தான். மற்றப் பறவை பக்கத்தில் வந்தால் சண்டை! அதிலும் பெண் பறவைக்குத்தான் கோபம் அதிகம். கூடு வைக்கும் காலத்தில் சொல்லவே வேண்டாம். வாளை வீசுவதுபோல அலகை வீசி, எதிரியின் கால் விரலைக் கடிக்கும். காட்டில் தோற்ற பறவை பறந்து போய்விடும். கூண்டுக்குள் எங்கே போகும்? விரல் இழந்த பறவைகள் உண்டு. உயிர் இழந்தவையும் உண்டு.

ஆகவே, புதிதாக வாங்கிய பறவையைப் பழைய பறவையின் கூண்டில் உடனே விடக்கூடாது. இரண்டு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சில நாள் பழக விடுங்கள். பிறகு, இரண்டுக்கும் பழக்கமில்லாத வேறு கூண்டில் சேர்த்து விடுங்கள்.

இன்னொரு சங்கடம்: ரோஜா முக வகையில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் ஜோடி என்று தருவது இரண்டும் பெண்ணாக இருக்கலாம். சிறகைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால் சரியாகத் தெரிந்துவிடும்.

பாதிப் பாதி!

பெண் பறவை கூடு கட்டும் அழகே தனி. இலையையோ காகிதத்தையோ அலகால் நீள நீளமாக நறுக்கும். ரோஜா முகப் பறவை அந்தத் துண்டுகளை வாலுக்கு மேலே உள்ள இறகுகளில் செருகிக்கொண்டு பறக்கும். ஃபிஷர் என்ற இன்னொரு வகை, அலகில் கவ்விக்கொண்டு போகும்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டில்கர் இந்த இரண்டு வகைகளையும் சேர்த்துக் கலப்புக் குஞ்சுகளை வளர்த்தார். 1962-ம் ஆண்டு அதைப்பற்றி எழுதினார். பாவம், அந்தக் குஞ்சுகள்! துண்டை முதுகில் செருகப் பார்க்கும். கீழே விழும். மறுபடி செருகும். மறுபடி விழும். அலகில் கவ்விச் செல்லச் சரியாகப் பழகுவதற்குச் சில வருடங்கள் ஆயின. அப்போதும்கூட, செருகப் போவதுபோலத் தலையைத் திருப்பும் பழக்கம் போகவில்லை!

தனியாக இருந்தால்?

ஒன்று இறந்தால் மற்றதும் ஏங்கி இறந்துவிடும் என்று சொல்வார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. பல பறவைகள் கொஞ்ச நாளில் வேறு துணையை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஏக்கம் இருப்பது உண்மை. தனிமை தாங்காமல் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும் பறவைகள் உண்டு.

ஒற்றைப் பறவையாக வளர்த்தால், வீட்டில் ஒருவரைத் தன் ஜோடியாக எண்ணிக்கொள்ளும். அவர் தோளில் உட்காரும். காதைக் கோதும். தின்றதைக் கக்கி விரலில் ஊட்டப் பார்க்கும்! அவர் பக்கத்தில் வேறு யார் வந்தாலும் கடி விழும். அது மனைவியானாலும் சரி, குழந்தையானாலும் சரி.

இதன் ஆயுள் 10 முதல் 15 வருடம். தோளில் வைத்துக் கொஞ்சிய பையன் அதற்குள் கல்லூரிக்குப் போய்விடுவான். காலையில் எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற குடும்பம் ஒற்றைப் பறவை வாங்குவது கொடுமை.

துணையே இல்லாவிட்டாலும் பெண் பறவை முட்டையிடும். இரவு பகலாக அதன்மேல் உட்கார்ந்திருக்கும். குஞ்சு வராது. பரிதாபப்பட்டு முட்டையை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால், மறுபடி மறுபடி முட்டையிட்டு உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை இழந்துவிடும். கூண்டில் ஒரு கடல்நுரைத் துண்டைக் கட்டிவிட்டு, அது தானாகவே சலித்து எழுந்து வரும்வரை விட்டுவிடுங்கள்.