செக்குக்கு மேல் ஒரு செக்

மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘நார்த்விண்ட்’ மாதிரித் தரவுத்தளத்தில் ஊழியர் டேபிள் ஒன்று உண்டு. முதல் எண் நான்சி டாவோலியோ. அவருக்கு மேலதிகாரி இரண்டாம் எண் ஆண்ட்ரூ ஃபுல்லர். எண் வரிசையில் ஒவ்வொருவராக ஏற்றினால் முதல் பதிவிலேயே வண்டி நின்றுவிடும். நான்சி சுட்டும் அதிகாரி இன்னும் உள்ளே வரவில்லையே! இல்லாதவரைச் சுட்டும் பதிவை ஏற்க மறுப்பதுதான் ஃபாரின் கீயின் வேலை.

ஃபுல்லரை முதலில் ஏற்றலாம். மேலதிகாரி கட்டத்தைக் காலியாக விட்டுப் பின்னால் நிரப்பலாம். போஸ்ட்கிரெஸ்காரர்கள், ஃபாரின் கீயை ‘டிஃபரபிள்’ என்று முன்பே அறிவித்திருந்தால், சோதனையை கமிட் வரை தள்ளிப்போடலாம். இருப்பதில் நாகரிகமான வழி அதுதான். ஆனால் லட்சக்கணக்கான பதிவுகள் காத்திருக்கும்போது பலரும் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். அதில் பாவமில்லை, ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ எழுதித் தரும் கோப்பின் தலைமாட்டிலேயே அணைக்கும் கட்டளை இருக்கிறது.

வினை, திரும்ப இயக்கும்போது தொடங்குகிறது.

மைஎஸ்கியூஎல் இனி வரும் பதிவுகளை மட்டுமே சோதிக்கும். டிக்கெட் பரிசோதகர் சாப்பிடப் போன நேரத்தில் ஏறியவர்கள் சொகுசாக உட்கார்ந்திருப்பார்கள்.

எஸ்கியூஎல் சர்வரில் இது வேடிக்கையான வடிவம் எடுக்கிறது. ‘நோசெக்’ போட்டு அணைத்ததை ‘செக் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று எழுதினால் உயிர் பெறும். பழைய பதிவுகளைத் தொடாது. அவற்றையும் ஆராய வேண்டுமானால் ‘வித் செக் செக் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று எழுத வேண்டும். கை தவறி இருமுறை அடித்ததுபோல் இருக்கும். முதல் செக் இருப்பதைச் சோதிக்க, இரண்டாவது கட்டுப்பாட்டை இயக்க. ஒரு செக்கை விட்டால், அணைத்தபோது ‘இஸ் நாட் ட்ரஸ்டட்’ என்ற கட்டத்தில் விழுந்த 1 அப்படியே நின்று, அந்த ஃபாரின் கீ நம்பத்தகாததாகவே இருந்துவிடும். வெறும் அவப்பெயர் அல்ல அது. நம்பகமான கீ இருந்தால் சில வினவல்களில் தேவையற்ற ஜாயினை ஆப்டிமைசர் தானே கழித்துவிடும். இனி அந்தச் சலுகை கிடையாது. ‘பல்க் இன்சர்ட்’டோ யாரும் அணைக்காமலே, தனியாகக் கேட்டுக்கொண்டால் ஒழிய, ஃபாரின் கீயைச் சட்டை செய்யாது.

அவசரத்துக்கு அணைப்பவரை மன்னிக்கலாம், மறந்துவிட்டுப் போகிறவரை அல்ல. இல்லாதவரைச் சுட்டும் அனாதைப் பதிவுகளைப் பட்டியலிட எஸ்கியூலைட்டில் ‘ஃபாரின் கீ செக்’ என்ற ப்ராக்மா போதும். மைஎஸ்கியூஎல்லில் லெஃப்ட் ஜாயின் வினவலைக் கைப்பட எழுதியாக வேண்டும். ஏற்றும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாக அதைச் சேர்த்துவிடுங்கள்.