சற்றே நில் என்னும் சொல்



காத்திருப்பது நமக்குப் புதிதன்று. கிளாலியிற் படகுக்கும், ஓமந்தையிற் சோதனைக்கும், 2022 இல் எரிபொருளுக்குமாகக் காத்திருந்த மக்கள் நாம். ஆயினும் காத்திருப்பு வேறு, பொறுமை வேறு. வரிசையில் நிற்பவனின் கால்கள் நிற்கின்றன, மனமோ ஓடிக்கொண்டேயிருக்கிறது. கிளாலிப் படகும் ஓமந்தைச் சாவடியும் போய்விட்டன. ஓட்டம் மட்டும் போகவில்லை. பாடசாலை விட்டதும் ஒரு தனியார் கல்வி நிலையம், அது முடிந்ததும் இன்னொன்று எனப் பிள்ளைகள் துவிச்சக்கரவண்டியிற் பறக்கிறார்கள். கால்கள் ஓட, மனம் நிற்பது கூடுமா? இவ்வினாவுக்குச் சீக்கிய நெறி தரும் விடையைச் சிறிது நோக்குவோம்.

சீக்கியர் என்றதும் நம்மிற் பலருக்கு 1987 ஒக்டோபரே நினைவில் எழும். அம்மாதம் 12 ஆம் திகதி அதிகாலை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலில் வந்திறங்கிய சீக்கிய இலகு காலாட்படையின் அணியொன்று ஏறத்தாழ முற்றாக அழிந்தது. 21 ஆம் திகதி இந்தியப் படையினரால் யாழ். வைத்தியசாலையிற் சிந்தப்பட்ட இரத்தத்தையும் இவ்வூர் மறக்கவில்லை. துப்பாக்கியோடு வந்தவர்களிடம், உங்கள் வேதம் என்ன சொல்கிறது என்று கேட்க அன்று நமக்கு இடமிருக்கவில்லை. இன்று கேட்கலாம்.

அவ்வேதம் குரு கிரந்த சாகிப். ஐந்தாம் குரு அர்ஜன் 1604 இல் அதனைத் தொகுத்து அமிர்தசரசுக் கோயிலில் வைத்தார். பின்னர் ஒன்பதாம் குருவின் பாடல்களும் சேர்க்கப்பட்டன. இன்று அச்சில் 1430 பக்கங்கள். தேவாரத்தைப் பண்முறையாக வகுத்த நம் மரபைப்போல அதன் பெரும்பகுதி 31 இராகங்களாக வகுக்கப்பட்டுள்ளது. சீக்கிய குருமாரோடு கபீர், நாமதேவர், இரவிதாசர், சூபி ஞானி பரீத் முதலியோரின் பாடல்களும் அதில் உண்டு.

தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்நூலில் மிகவும் பிடித்தது ஒரு சிறு குறிப்பு. பாடல்கள் பலவற்றில் ஓரடியின் பின்னே ‘ரஹாவு’ என்று எழுதப்பட்டிருக்கும். ‘சற்றே நில்’ என்பது அதன் பொருள். பாட்டின் உயிர்க்கருத்து அந்த அடியிலேயே இருக்கும். நம் கீர்த்தனைப் பல்லவிபோல மீண்டும் மீண்டும் பாடப்படுவதும் அதுவே. கவனிக்க வேண்டியது யாதெனில், அது பாட்டின் முடிவில் வருவதில்லை. பெரும்பாலும் தொடக்கப் பகுதியை அடுத்தே வரும். முடிவை நோக்கி விரைகின்றவன் உயிரைத் தவறவிடுவான். எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டு வாழும் நமக்கு இது நல்ல பாடமல்லவா?

இந்நிலைத்த மனத்தைச் சீக்கியர் ‘சகஜம்’ என்பர். உடன்பிறந்தது என்பது அச்சொல்லின் மூலப்பொருள். அமைதி வெளியிலிருந்து கொண்டுவரப்படுவதன்று. ஓட்டம் அடங்கினால் உள்ளிருந்தே வெளிப்படுவது. நூல் முழுவதையும் இடைவிடாது ஏறத்தாழ 48 மணித்தியாலத்தில் ஓதும் முறையும் அவர்களிடம் உண்டு. கால எல்லையின்றி ஆறுதலாக ஓதும் முறையும் உண்டு. பின்னையதற்கே ‘சகஜ பாடம்’ என்று பெயர்.

மூன்றாம் குரு அமர்தாசின் வரலாறு இதற்கு உரைபோல அமைகிறது. முதிய வயதில் அவர் இரண்டாம் குரு அங்கதரிடம் தொண்டராகச் சேர்ந்தார். நாள்தோறும் விடியுமுன் பியாஸ் ஆற்றிலிருந்து குருவுக்கு நீர் சுமந்தார். ஒருநாள் மழையிருளில் நெசவாளர் ஒருவரின் குடிசையருகே கால் இடறியது. சத்தங்கேட்டு விழித்த நெசவாளரின் மனைவி, ‘ஒதுங்க இடமில்லாத அந்த அமரு’ என்று இகழ்ந்தாளாம். செய்தியறிந்த குரு, ‘இடமற்றோர்க்கெல்லாம் இவரே இடம்’ என்றார் என்பது சீக்கிய மரபு. 1552 இல், 73 ஆம் வயதில், அமர்தாசர் குருவானார். தம்மைக் காண வருவோர் எவராயினும் முதலிற் பந்தியில் அமர்ந்து எல்லாரோடும் உண்ணவேண்டும் என்றும் விதித்தார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, ஒதுங்க இடமின்றித் தென்மராட்சி நோக்கி நடந்த நமக்கு இக்கதையின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பொறுமை கோழைத்தனம் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். குரு அர்ஜன் 1606 இல் லாகூரில் முகலாயர் காவலில் உயிர்நீத்தார். பழுக்கக் காய்ந்த இரும்பில் இருத்திச் சுடுமணல் சொரிந்தனர் என்றும், அவர் அனைத்தையும் இறைவன் ஆணையாக ஏற்றார் என்றும் மரபு கூறும். அவர் மகன் அர்கோவிந்தரோ, ஆன்மிகத்துக்கொன்று, உலகியலுக்கொன்று என இருவாள் தரித்தார். ஆகவே அந்நெறியின் பொறுமை அநீதிக்குத் தலைவணங்குவதன்று. வெறுப்புக்கு மனத்தை ஒப்புக்கொடாமை.

அர்ஜனின் நினைவுநாள் கோடையில் வருகிறது. அந்நாளிற் சீக்கியர் தெருவோரம் நின்று, வழிப்போக்கர் அனைவருக்கும் பாலும் சர்க்கரையும் கலந்த குளிர்நீர் வழங்குகிறார்கள். சுடுமணலுக்கு மறுமொழி குளிர்நீர்! நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தலில் மோர் வாங்கி அருந்திய நமக்கு இவர்கள் அந்நியரா?

நம் சைவமரபு ‘சும்மா இருத்தல்’ என்று போற்றுவதும் சோம்பி இருத்தலையன்று. சீக்கியர் அதனை இல்லறத்தின் நடுவே வைத்தனர்: நேர்மையாக உழை, இறைநாமம் நினை, பகிர்ந்து உண். துறவறம் தேடி ஓடுவதும் ஓர் ஓட்டமே என்பது அவர் கருத்து.

நாம் நம் ஓட்டத்தை முற்றாக நிறுத்திவிட முடியாது. பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது; நமக்குத் தொழில் இருக்கிறது. ஆயின் பாட்டின் நடுவே ஒரு ‘ரஹாவு’ இருப்பதுபோல, நாளின் நடுவே ஒருமுறை நிற்கலாம். பட்ட வேதனையை மறவாமலே, வேதனை தந்தவரின் மரபிலுள்ள நன்மையைக் காணவும் அத்தகைய நிற்றல் வேண்டும். விரைகின்ற மனத்துக்குப் பகை மட்டுமே தெரியும். நின்று பார்க்கின்ற மனத்துக்கு மனிதரும் தெரிவர்.