தானே ஆடும் கை

எழுதும்போது நம் விரல்கள் அசைகின்றன. நடக்கும்போது கால்கள் அசைகின்றன. இவ்வசைவுகள் நம் எண்ணத்திற்குக் கட்டுப்பட்டவை. ஆயின், முதியோர் சிலருக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரெனத் தாமே ஆடத் தொடங்கிவிடும். அடக்க முயன்றாலும் அடங்கா. உறங்கும்போது மட்டும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இதனைக் கண்டோருள் சிலர் பேய்க்கோளாறு என்பர். சிலர் முதுமைத் தளர்ச்சி என்று விட்டுவிடுவர். குருதியில் மிகுந்த சர்க்கரையும் இதற்குக் காரணமாகலாம் என்பதை அறிந்தோர் குறைவு.

நாம் உண்ணும் சோறும் இட்லியும், கேரளத்தார் 'கப்ப' என வழங்கும் மரவள்ளிக்கிழங்கும் செரித்தபின் சர்க்கரையாக மாறிக் குருதியில் கலக்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அச்சர்க்கரையை உடலின் உயிரணுக்களுக்குள் செல்லச் செய்கிறது. இன்சுலின் குறைந்தாலும், சுரந்தும் சரிவரச் செயற்படாவிட்டாலும் சர்க்கரை குருதியிலேயே தங்கிவிடும். மிகுந்த சர்க்கரை, நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேறும். நீர் மிகுதியாகக் கழிவதைச் சுட்டும் 'நீரிழிவு' என்னும் தமிழ்ப்பெயர் இந்நோய்க்குப் பொருத்தமானதே. மலையாளத்தில் இதனைப் 'பிரமேகம்' என்பர்.

நூறு மில்லிலிட்டர் குருதியில், உணவு உண்ணுமுன் 100 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருப்பது இயல்பு. அது 126 அல்லது அதற்கு மேல் இருப்பது மறுமுறையும் உறுதியானால் நீரிழிவு எனக் கொள்வர். கையும் காலும் தாமே ஆடும் நிலையில் வருவோர் பலரிடம் இவ்வளவு 300ஐயும் கடந்திருக்கும்.

சர்க்கரைக்கும் கையின் ஆட்டத்திற்கும் என்ன தொடர்பு? மூளையின் ஆழத்தில் சில நரம்பணுத் திரள்கள் உள்ளன. வேண்டிய அசைவை விடுத்து, வேண்டாத அசைவைத் தடுப்பது அவற்றின் பணி. சர்க்கரை மிகும்போது அங்குக் குருதியோட்டம் குறைவதாலும், தடுப்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் குறைவதாலும் இத்தடை தளர்வதாக அறிஞர் விளக்குவர். மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தை இயக்குகிறது. ஆகவே, வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இடக்கையும் இடக்காலும் ஆடும். நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'கொரியா' என்னும் பெயரால் மருத்துவர் இவ்வசைவைக் குறிப்பர்.

இந்நோய் முதியோரிடத்தும், அவருள்ளும் பெண்களிடத்தும் மிகுதியாகக் காணப்படுகிறது. தமக்கு நீரிழிவு உண்டு என்பதையே சிலர் இவ்வாட்டம் வந்த பின்னர்தான் அறிகின்றனர். விரல்நுனியில் எடுக்கும் ஒரு துளிக் குருதி சர்க்கரையின் அளவைக் காட்டிவிடும், எம்.ஆர்.ஐ. படம் மூளையில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலோர்க்கு ஆட்டம் சில நாள்களிலோ வாரங்களிலோ தணியும். சிலர்க்கு அசைவைக் குறைக்கும் மருந்தும் தேவைப்படும்.

திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. 1976இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய இந்நிறுவனம், 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பெற்றது. இத்தகைய அசைவுக் கோளாறுகளுக்கென அங்குத் தனிப்பிரிவும் இயங்குகிறது.

மாணவர்களே! நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ உங்கள் பாட்டி இந்நகருக்கு வந்திருக்கலாம். அவருக்கு மலையாளம் தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் முழுதும் விளங்காது. இருமொழியும் அறிந்த நீங்களே அவ்விடத்தில் பாலம் ஆவீர்கள். எந்தப் பக்கம் ஆடுகிறது, என்று தொடங்கியது, உறக்கத்தில் நிற்கிறதா, பாட்டி என்ன மருந்து உண்கிறார் என்பவற்றைத் தெளிவாக எடுத்துரையுங்கள். பக்கவாதத்தாலும் இவ்வாட்டம் வரக்கூடும். எனவே காத்திராமல் உடனே பெரியவர்களிடம் கூறி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், கை சோர்ந்தாலும் 108ஐ அழையுங்கள்.

ஆடும் கையைக் கண்டு நகைப்பதும் அஞ்சுவதும் தகா. அக்கையை அன்புடன் பற்றி, "பாட்டி, சர்க்கரை பார்த்துவிடலாம்" என்று சொல்வதே அறிவுடைமை.

பயிற்சி

1. 'நீரிழிவு' என்னும் பெயர் எவ்வாறு பொருந்துகிறது?
2. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இடக்கை ஆடுவது ஏன்?
3. உங்கள் பாட்டியின் நிலையை மருத்துவருக்கு எடுத்துரைப்பதுபோல் ஐந்து தொடர்கள் எழுதுக.